தழுவலுக்கு அஞ்சிய தமிழ்

ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு ஒரு குரல் நன்றாகப் பழக்கம். குடிகாரனும் கோமகனும், வண்டிக்காரனும் நீதிபதியும் அந்த நூல்களில் ஏறக்குறைய ஒரே தமிழில் பேசுவார்கள். வினைமுற்று விழுங்கப்படாது, வாக்கியம் பாதியில் நிற்காது, கோபம் வந்தாலும் இலக்கணம் குலையாது. அந்தக் குரலுக்கு அடித்தளம் போட்டவர்களில் சிலர் பேச்சின் நெளிவு சுளிவுக்குப் பேர்போன நெல்லைச் சீமைக்காரர்கள் என்பதுதான் விசித்திரம். கடையநல்லூரில் நின்றுகொண்டு சுற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். தெற்கே பக்கத்திலேயே இருக்கிற தென்காசியில் 1899-இல் பிறந்தவர் டி.எஸ். சொக்கலிங்கம். டால்ஸ்டாயின் பெருநாவலை 'போரும் வாழ்வும்' என்று தமிழில் தந்தவர். இன்னும் சற்றுத் தள்ளி இருக்கும் கடையம், பாரதி 1918 முதல் 1920 வரை வாழ்ந்த ஊர். ஜார் விழுந்த சேதி கேட்டு 'புதிய ருஷியா' எழுதிய பாரதி, பாண்டிச்சேரியை விட்டு வந்து தங்கியது அங்கேதான். திருநெல்வேலிக்காரர் தொ.மு.சி. ரகுநாதன் கோர்க்கியின் 'தாய்' நாவலை மொழிபெயர்த்தார், மாயகோவ்ஸ்கி லெனின் மீது பாடிய நெடுங்கவிதையையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். நெல்லைக் குடும்பமொன்றில் வந்த புதுமைப்பித்தன், குப்ரினின் 'யாமா'வை 'பலிபீடம்' ஆக்கினார். இத்தனை பேர் ஒரே வட்டாரத்திலிருந்து ரஷ்யாவை நோக்கித் திரும்பியும், வட்டாரத்தின் வாய்ப்பேச்சு ரஷ்யப் பாத்திரங்களின் வாயில் ஏன் ஏறவில்லை?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆங்கிலம். ரஷ்யப் பேச்சுவழக்கை ஆங்கிலம் தட்டையாக்கியது, தமிழ் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியது, ஆகவே இரட்டிப்பாகத் தட்டையானது என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் நடந்த இழப்புக்கும் தமிழில் நடந்த இழப்புக்கும் காரணம் ஒன்றல்ல. ஆங்கிலத்துக்கு அந்தப் பேச்சை வைக்க இடமே இல்லை. தமிழுக்கு இடம் இருந்தது, தெற்கத்தித் தமிழுக்குத் தாராளமாகவே இருந்தது. இருந்தும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கதவைச் சாத்தினார்கள். சாத்தியதற்கு அவர்கள் காலத்தில் நியாயமான ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் மாஸ்கோவிலோ லண்டனிலோ பிறந்ததில்லை, சென்னையில் 1930-களில் நடந்த ஓர் இலக்கியச் சண்டையில் பிறந்தது.

முதலில் ரஷ்யப் பேச்சு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். எழுவாயையும் வினையையும் அது தாராளமாக விட்டுவிடும். 'நீ எங்கே?' என்றால் எங்கே போகிறாய் என்று பொருள், 'நான் வீட்டுக்கு' என்றால் பதில் முடிந்தது. நடந்த தகராறை விவரிக்கிறவன் 'நான் அவனிடம் இப்படி, அவன் என்னிடம் அப்படி' என்று வினையே இல்லாமல் முழுச் சண்டையையும் சொல்லி முடிப்பான். இருட்டுகிறது என்பதற்கு ஒரே வினைச்சொல் போதும், எது இருட்டுகிறது என்று அந்த மொழி கேட்காது. குளிர்கிறவன் 'எனக்குக் குளிர்' என்பான், தேவைப்படுகிறவன் 'எனக்கு வேண்டும்' என்பான், பணம் வைத்திருப்பவன் 'என்னிடம் இருக்கிறது' என்பான். உடைமையைச் சொல்ல ஆங்கிலத்தில் உள்ள வினை அன்றாட ரஷ்யனில் அநேகமாகப் புழங்குவதே இல்லை. தமிழ் படிக்கிறவருக்கு இது எதுவும் புதிதாகத் தோன்றாது, ஏனென்றால் கடையநல்லூர் பஸ் நிலையத்தில் நடக்கும் பேச்சும் இதே போக்கில்தான் நடக்கிறது. ஆங்கிலமோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் கேட்கும், வினை கேட்கும், காலம் கேட்கும். ரஷ்யன் வேண்டுமென்றே தெளிவில்லாமல் விட்டதைத் தெளிவாக்கினால் ஒழிய ஆங்கிலத்தில் வாக்கியம் நிற்காது. தூக்கம் பிடிக்காத ஒருவன் ரஷ்யனில் சொல்வது 'எனக்கு உறக்கம் கொள்ளவில்லை' என்ற தொனியில் இருக்கும், உறங்காததற்கு அவன் பொறுப்பாளி இல்லை. ஆங்கிலத்தில் அது அவனுடைய இயலாமையாக மாறும். அந்த ஆங்கிலத்தைப் பார்த்து எழுதும் தமிழர் 'என்னால் தூங்க முடியவில்லை' என்று எழுதுவார். மூலத்துக்கு மிக நெருக்கமான வாக்கியம் தமிழிலேயே இருக்க, சுற்றிப் போய் தூரத்து வாக்கியத்தைக் கொண்டுவருவது இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது சின்னச் சின்ன ஒட்டுச் சொற்கள். 'வேத்', 'ஜெ', 'நு', '-தோ' என்று ரஷ்யப் பேச்சில் நொடிக்கொன்று வரும். அகராதியில் இவற்றுக்குத் தனிப் பொருள் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பேசுகிறவன் கேட்கிறவனை எப்படிப் பார்க்கிறான் என்பதை அவை சொல்கின்றன. உனக்கு முன்பே தெரிந்ததுதானே என்ற சலிப்பு, நான் அப்பவே சொல்லவில்லையா என்ற இடிப்பு, இதுகூடவா புரியவில்லை என்ற வியப்பு எல்லாம் அவற்றுக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அல்லது ஒரு முழு உபவாக்கியமாக நீட்டுவார்கள். தமிழில் 'தான்', 'ஏ', 'ஓ', 'ஆவது', 'ஆம்' என்ற அசைகள் இதே வேலையைச் செய்கின்றன. 'உனக்குத்தான் தெரியுமே' என்பதில் உள்ள 'தான்'-ஐயும் 'ஏ'-யையும் எடுத்துவிட்டால் வெறும் தகவல் எஞ்சும். ரஷ்யன் கற்கும் வெளிநாட்டவரைத் திணறடிக்கும் ஒரு புகழ்பெற்ற தொடர் உண்டு: 'தா நியெத், நவேர்னயெ'. ஆமாம், இல்லை, அநேகமாக என்ற மூன்று சொற்களும் ஒரே மூச்சில் வரும், பொருள் 'இல்லை என்றுதான் நினைக்கிறேன்' என்பது. 'வருவானா?' என்ற கேள்விக்கு, 'ம்… வரமாட்டான் போல' என்று இழுக்கிற தமிழருக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை.

விளிக்கும் முறையில் இந்த நெருக்கம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ரஷ்யனில் 'தி' ஒருமை, 'வி' பன்மையும் மரியாதையும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது வாழ்க்கையில் ஒரு சம்பவம். புஷ்கின் 1828-இல் இந்த மாற்றத்தையே பொருளாக வைத்து ஒரு சிறு கவிதை எழுதியிருக்கிறார். 'அன்னா கரீனினா'வின் இரண்டாம் பாகத்தில் வ்ரோன்ஸ்கி அன்னாவிடம் பிரெஞ்சில் பேசுவதற்கு டால்ஸ்டாய் காரணம் சொல்கிறார்: ரஷ்யனில் பேசினால் பன்மை தாங்கமுடியாத அளவுக்குக் குளிர்ந்துவிடும், ஒருமையோ ஆபத்தான அளவுக்கு நெருங்கிவிடும். ஆங்கில வாசகருக்கு இந்த இடத்தில் ரஷ்ய இலக்கணப் பாடமே நடத்த வேண்டியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு ஒரு சொல் விளக்கமும் வேண்டாம், கல்யாணமான புதிதில் கணவனை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கி, பெயரும் சொல்லாமல் உறவும் சொல்லாமல் 'இங்க பாருங்க' என்று சமாளிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதான். நெல்லைப் பக்கம் இன்னும் ஒரு படி கூடுதல். 'நீ', 'நீங்க' என்ற இரண்டுக்கும் நடுவில் 'நீர்' உயிரோடு இருக்கிறது. 'வாலே' என்பது ஒன்று, 'வாரும்வே' என்பது வேறு, 'வாங்க அண்ணாச்சி' என்பது இன்னொன்று. சமவயதுச் சினேகிதர்கள் மரியாதையையும் கேலியையும் ஒரே சொல்லில் கலந்து பரிமாற அந்த நடுப்படி உதவுகிறது. 'குற்றமும் தண்டனையும்' நாவலில் நாயகன் ரஸ்கோல்நிகவின் நண்பன் ரஸுமீகின் பேசுகிற பேச்சுக்கு 'நீர்' எவ்வளவு பொருந்தும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எடுப்பான சான்று தஸ்தயேவ்ஸ்கியிடம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் கீழ்நிலையில் இருப்பவர் மேல்நிலையில் இருப்பவரிடம் பேசும்போது சொல்லின் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்ப்பார். 'தா' என்றால் ஆமாம், 'தாஸ்' என்றால் பணிவான ஆமாம். 'ஐயா' என்ற பொருளில் வழங்கிய ஒரு சொல் தேய்ந்து ஒற்றை மெய்யாகக் குறுகிய கதை இது. 'கரமசோவ் சகோதரர்க'ளில் ஸ்னெகிர்யோவ் என்ற நொடித்துப்போன ராணுவ காப்டன், வாழ்க்கையின் இரண்டாம் பாதியில் இந்த 'ஸ்' தன் வாயில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லித் தனக்கே அந்த எழுத்தின் பேரால் ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்கிறார். அவமானத்தால் இலக்கணமே மாறிப்போன மனிதர் அவர். இன்னொரு பக்கம், 'குற்றமும் தண்டனையும்' நாவலின் விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச் அதே 'ஸ்'-ஐ ஆயுதமாக வைத்திருக்கிறார். பணிவு போலத் தொடங்கி, சுற்றிச் சுற்றிப் பேசி, பாதி வாக்கியத்தில் சிரித்து, எதிராளியின் நரம்பைத் தளர்த்துவது அவர் வித்தை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஸார்' போடுவதைத் தவிர வழி இல்லை, அதையும் நாலு வரிக்கு ஒருமுறைதான் போட முடியும். தமிழில் 'ங்க' இருக்கிறது. 'ஆமாங்க', 'இல்லீங்க', 'அப்படியில்லீங்க' என்று எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டும், பணிவையும் காட்டும், நக்கலையும் காட்டும், ரஷ்ய 'ஸ்' போலவே தேய்ந்து குறுகிய மரியாதை அது. உலக மொழிகளில் இந்தப் பாத்திரத்துக்கு இவ்வளவு கச்சிதமான கருவி வைத்திருப்பவை அதிகம் இருக்காது.

ஆங்கிலத்தின் கதையையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நம் கதை அதன் நிழலில் தொடங்குகிறது. கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1861-இல் பிறந்து 1946-இல் மறைந்த ஆங்கிலப் பெண்மணி. டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, துர்கனேவ், செகாவ் என்று ஏறத்தாழ 70 தொகுதிகளை ஒற்றை ஆளாகப் பெயர்த்தவர். அவர் இல்லையென்றால் ஆங்கிலம் படித்த இந்தியர்களுக்கு ரஷ்ய இலக்கியம் அவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. ஆனால் அவருடைய நடையில் டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் ஒரே ஆள் போல ஒலிக்கிறார்கள் என்ற குறை பின்னால் பலராலும் சொல்லப்பட்டது, எழுத்தாளர் நபக்கவ் அவரை மன்னிக்கவே இல்லை. ரஷ்ய எழுத்தாளர் கர்னேய் சுக்கோவ்ஸ்கி மொழிபெயர்ப்புக் கலை பற்றி எழுதிய நூலிலும் இதே வழுவழுப்பைச் சாடினார். 1962 நவம்பரில் 'நோவி மீர்' இதழில் சோல்ஷெனிட்சினின் 'இவான் தெனிசோவிச்' வெளிவந்ததும் சிக்கல் இன்னும் கூர்மையானது. சிறைமுகாமில் அடைபட்ட ஒரு குடியானவனின் பேச்சிலேயே முழுக் கதையும் நடக்கும். 1963-இலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஆங்கிலப் பெயர்ப்புகள் போட்டிபோட்டு வந்தன. சிலவற்றில் அந்தக் குடியானவன் சாதாரண ஆங்கிலம் பேசினான், ஒன்றில் அமெரிக்கக் கொச்சை பேசினான். முதலாவதில் ஆளைக் காணோம், இரண்டாவதில் வேறு ஆள் வந்துவிட்டான். இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும்: பெரியவர்களை அழைக்கும் 'பாத்யுஷ்கா' என்ற அன்பான சொல்லை ஆங்கிலத்தார் சொல்லுக்குச் சொல் உடைத்துச் 'சின்னத் தகப்பன்' ஆக்கினார்கள். அதை அப்படியே தமிழில் எடுத்தால் கதையில் இல்லாத சித்தப்பா ஒருவர் முளைத்துவிடுவார். 'அய்யா' என்றோ 'அப்பச்சி' என்றோ சொன்னால் வேலை முடிந்தது.

சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' எழுதியது ஆங்கிலத்தின் வழியாகத்தான், புதுமைப்பித்தனும் அப்படியே. ஆகவே மேலே சொன்ன இழப்புகளில் பல அவர்கள் கைக்கு வருமுன்பே நடந்துவிட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆங்கிலம்தான் முழுக் குற்றவாளி என்றால், ரஷ்ய மூலத்திலிருந்து நேரடியாக வந்த தமிழ் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். அதற்கும் சோதனை நடந்திருக்கிறது. மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும், 1982-இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா பதிப்பகமும், அறிவியலுக்கு மீர் பதிப்பகமும் தமிழ் நூல்களை அச்சிட்டன. 1951-இல் சென்னையில் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுசென்று மலிவு விலையில் விற்றது. தறிச்சத்தம் ஓயாத கடையநல்லூரும் சங்கரன்கோவிலும் போன்ற ஊர்களில் தொழிற்சங்கம் சார்ந்த வாசகர்கள் டால்ஸ்டாயைத் தொட்டது இந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களில்தான். மாஸ்கோவிலேயே தங்கி வேலை செய்த தமிழர்களில் ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன், பூ. சோமசுந்தரம் ஆகியோர் முக்கியமானவர்கள். கிருஷ்ணையா 'வெண்ணிற இரவுகள்', 'புத்துயிர்ப்பு' முதலியவற்றைத் தந்தார். சோமசுந்தரம் ரஷ்யன் கற்று மூலத்திலிருந்தே மொழிபெயர்த்தவர், ஐத்மாத்தவின் 'ஜமீலா'வும் 'முதல் ஆசிரிய'ரும் அவர் கைவண்ணம். அவருடைய உரையாடல்களில் மற்றவர்களைவிட உயிர் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அவருடைய பாத்திரங்களும் 'போகிறேன்', 'வருகிறாயா' என்றுதான் பேசுகின்றன, 'போறேன்', 'வர்றியா' என்று பேசுவதில்லை. சுற்றுவழி இல்லாதபோதும் வந்து சேர்ந்த இடம் அதே இடம்தான்.

காரணம் தேடும்போது மாஸ்கோ பதிப்பகத்தின் தேவைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். கன்னியாகுமரி வாசகருக்கும் யாழ்ப்பாண வாசகருக்கும் ஒரே புத்தகம் போனது. மார்க்சையும் லெனினையும் பெயர்த்த அதே கைகள் செகாவையும் பெயர்த்தன, கொள்கை நூலின் திருத்தமான நடை கதைக்குள்ளும் கசிந்தது. ஆனால் இவை துணைக்காரணங்கள்தான். ஏனென்றால் மாஸ்கோவில் தமிழ் அச்சாவதற்கு முன்பே, சொக்கலிங்கமும் புதுமைப்பித்தனும் எழுதிய காலத்திலேயே, முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. 1933-இல் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., சொக்கலிங்கம் மூவரும் சேர்ந்து 'மணிக்கொடி' இதழைத் தொடங்கினார்கள். 1934-இல் 'தினமணி' நாளிதழ் வந்தபோது அதன் ஆசிரியரும் சொக்கலிங்கமே, அவருக்குக் கீழே புதுமைப்பித்தன் வேலை பார்த்தார். அன்றைய தமிழில் பிறநாட்டுக் கதை என்றால் தழுவல்தான். பம்மல் சம்பந்த முதலியார் மேடையில் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆகியிருந்தான், துப்பறியும் நாவல்களில் லண்டன் சீமாட்டிகள் மயிலாப்பூர் மடிசார் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கொடிக்காரர்களில் ஒரு சாரார் இதைத் திருட்டு என்றே கருதினார்கள். தழுவலா மொழிபெயர்ப்பா என்ற அந்தச் சர்ச்சையில் புதுமைப்பித்தன் தழுவலுக்கு எதிராகக் கடுமையாக நின்றார். அந்நியனை அந்நியனாகவே தமிழில் காட்ட வேண்டும், அவன் பெயரையும் ஊரையும் பழக்கத்தையும் மாற்றக்கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி வென்றது, வென்றது நல்லதுதான். ஆனால் வெற்றியோடு ஒரு பயமும் சேர்ந்து வந்தது. ரஷ்யன் வாயில் 'என்னவே' வந்துவிட்டால் அவன் பாளையங்கோட்டைக்காரன் ஆகிவிடுவான், மறுபடியும் தழுவல் என்ற பழி வரும். ஆகவே யாருடைய வாயிலும் இல்லாத ஒரு தமிழை அந்நியர்களுக்கென்று ஒதுக்கினார்கள். கவனிக்க வேண்டியது, புதுமைப்பித்தன் தன் சொந்தக் கதைகளில் திருநெல்வேலிப் பேச்சைக் கைநிறைய அள்ளித் தெளித்தவர். ரகுநாதன் 1953-இல் நெல்லைப் பகுதிக் கைத்தறி நெசவாளர்களைப் பற்றி 'பஞ்சும் பசியும்' எழுதினார், அதில் மண்ணின் பேச்சு வாடை உண்டு. சொந்தக் கதைக்கு ஒரு மொழி, பெயர்ப்புக்கு இன்னொரு மொழி என்று ஒரே ஆள் இரண்டு பேனா வைத்திருந்தார் என்றால், அது தற்செயலாக இருக்க முடியாது.

அவர்கள் பயந்தது சரிதான், ரஷ்யக் குடியானவன் நெல்லைத் தமிழ் பேசினால் சிரிப்புத்தான் வரும், என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்பு இது. கோர்க்கியின் தொழிலாளி 'ஏலே' என்று கூப்பிட்டால் அவனுக்குப் பின்னால் வோல்கா தெரியாது, தாமிரபரணிதான் தெரியும். ஆனால் இந்த மறுப்பு இரண்டு விஷயங்களை ஒன்றாக்கிவிடுகிறது. ஊரைக் காட்டும் சொல் வேறு, உறவைக் காட்டும் சொல் வேறு. 'ஏலே', 'ஏட்டி', 'மைனி' போன்றவை ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். 'தானே', 'ஆமாங்க', 'நீயாவது', 'என்னவாம்' போன்றவை எந்த ஊர்த் தமிழனுக்கும் பொது, அவை பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையிலான தூரத்தை மட்டுமே அளக்கின்றன. முற்றுப்பெறாத வாக்கியமும், விழுங்கிய வினையும், சலிப்பான இழுப்பும் எந்த வட்டாரத்துக்கும் தனிச்சொத்து இல்லை. தழுவலுக்கு அஞ்சியவர்கள் முதலாவதைத் தள்ளியபோது இரண்டாவதையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். பின்னாளில் மாஸ்கோவில் எழுதியவர்களுக்கு அந்தப் பிரிவினையைச் செய்யக் கருவிகள் இல்லை என்றும் சொல்ல முடியாது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டி அருகே இடைசெவலில் கி. ராஜநாராயணன் பேச்சுமொழியிலேயே கதை சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய 'கரிசல் வழக்குச் சொல்லகராதி' 1982-இல் வந்தது. ராதுகா பிறந்த அதே ஆண்டு. லெஸ்கோவும் ஸோஷென்கோவும் ரஷ்யனில் செய்த காரியத்தை, வாய்க்கதைக்காரன் குரலில் எழுதுவதை, தமிழில் ஒருவர் பக்கத்து ஊரிலேயே செய்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் இடதுசாரிச் சூழல்தான், ஒரே கடைகளில்தான் இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் விற்றன. ஆனாலும் மாஸ்கோ தமிழ் இடைசெவலிடம் எதையும் கடன் வாங்கவில்லை.

தெளிவற்றதைத் தெளிவாக்குவதுதானே மொழிபெயர்ப்பாளரின் தொழில் என்று இன்னொருவர் கேட்கலாம். ஒப்பந்தப் பத்திரத்துக்கும் மருந்துச்சீட்டுக்கும் அது பொருந்தும். இதே நெல்லை மாவட்டத்தில் அதற்கு உதாரணம் உண்டு. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி கூடங்குளத்தில் அணு உலை வந்தது, 2002-இல் கட்டுமானம் தொடங்கியது, 2013-இல் முதல் அலகிலிருந்து மின்சாரம் வந்தது. ரஷ்ய நிபுணர்களுக்கும் நம் பொறியாளர்களுக்கும் நடுவில் நிற்கிற மொழி ஆங்கிலம். அங்கே 'தா நியெத், நவேர்னயெ' என்று ஒருவர் இழுத்தால், ஆமாமா இல்லையா என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வதுதான் முறை. போர்ஃபிரி பெத்ரோவிச்சிடம் அப்படிக் கேட்க முடியாது. அவர் தெளிவாகப் பேசினால் ரஸ்கோல்நிகவ் சிக்கியே இருக்க மாட்டான். நாவலில் மழுப்பல் ஒரு செயல், அதைத் தெளிவாக்கினால் கதையில் நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று சொன்னதாகிறது.

மூன்றாவது மறுப்புக்குத்தான் பதில் சொல்வது கடினம். அந்தத் தட்டைத் தமிழில்தான் மூன்று தலைமுறை ரஷ்யாவைக் காதலித்தது என்பார்கள். உண்மை. 'வெண்ணிற இரவுகள்' தமிழ்நாட்டில் அடைந்த செல்வாக்குக்கு 2003-இல் வந்த 'இயற்கை' திரைப்படமே சாட்சி. அந்த விறைப்பான, மரியாதை மிகுந்த உரையாடல்தான் பனியையும் தேநீர்க் கொதிகலத்தையும் மனதில் எழுப்பியது என்று பல வாசகர்கள் நினைக்கிறார்கள். ஆனால் காதலித்த குரல் எது என்று கேட்க வேண்டும். ரஷ்யர்கள் எல்லாரும் நெஞ்சைத் திறந்து முழு வாக்கியங்களில் பேசும் உன்னத ஆத்மாக்கள் என்ற படிமம் தமிழில் வேரூன்றியதற்கு அந்த நடைக்கும் பங்குண்டு. தஸ்தயேவ்ஸ்கியின் நகைச்சுவை தமிழில் அநேகமாகக் காணாமல் போனது. அவர் பாத்திரங்கள் உளறுகிறவர்கள், குழைகிறவர்கள், வாயைத் திறந்து வம்பில் மாட்டுகிறவர்கள் என்பது தெரியாமலே அவரை ஒரு ஞானியாக மட்டும் வணங்கினோம். செகாவின் ஆட்கள் அற்ப விஷயத்தை அற்பமாகவே பேசுவது அவர் கலையின் பாதி. தமிழில் அவர்களும் கண்ணியமாகப் பேசினார்கள்.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் மாஸ்கோ அச்சும் நின்றது. அதன்பின் வந்த பெரிய தஸ்தயேவ்ஸ்கி பெயர்ப்புகள் மீண்டும் ஆங்கிலத்தின் வழியாகவே நடந்தன. எம்.ஏ. சுசீலா 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' இரண்டையும் தந்தார், கவிஞர் புவியரசு 'கரமசோவ் சகோதரர்க'ளைத் தந்தார். தனிமனித உழைப்பாக இவை பிரமிக்க வைப்பவை, பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் நின்று சம்பளம் கொடுத்துச் செய்த காரியம் இல்லை. ஆனால் மூல ரஷ்யனின் வாய்ப்பேச்சை நேரில் கேட்ட காதோடு தமிழ் எழுதுகிறவர்கள் என்று சொல்ல இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த அலெக்ஸாந்தர் துபியான்ஸ்கியும் 2020-இல் கொரோனாவில் போய்விட்டார்.

அதற்காக ரஷ்யப் பேச்சு அறிந்த தமிழர்கள் அற்றுப்போய்விட்டதாக எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்தும் மருத்துவம் படிக்கப் பிள்ளைகள் ரஷ்யாவுக்குப் போகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டுக்குள் போனால் ரஷ்யன் வேண்டும், நோயாளிக் கிழவி பாடப்புத்தக மொழியில் வலியைச் சொல்ல மாட்டாள். 'நு' என்று இழுத்து, வினையை விழுங்கி, எனக்கு இங்கே ஒரு மாதிரி என்றுதான் சொல்வாள், அதற்கு என்ன பொருள் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்தாக வேண்டும். சோமசுந்தரம் காலத்தில் மாஸ்கோவில் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழர்களுக்கு மட்டும் வாய்த்த காது, இப்போது ஆண்டுதோறும் ஊர் திரும்புகிறவர்களுக்கு வாய்த்திருக்கிறது. அவர்கள் திரும்பி வந்து தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார்கள், மருத்துவமனையில் சேர்கிறார்கள். அவர்களைத் தேடிப் போன தமிழ்ப் பதிப்பகம் எதுவும் கண்ணில் படவில்லை.